எலும்பால் கல்லை வென்ற டர்னர்

ஞாயிற்றுக்கிழமை, என் கறிக்கடையில் கூட்டம் நெரியும் நேரத்தில் ரோஸ்லின் அக்காவின் போன் வந்தது. "இனிமே எலும்பு எடுத்து வெக்காத பாய். அவரு போயிட்டாரு" என்றார். தூக்கத்திலேயே மாரடைப்பாம். கத்தியைக் கீழே வைத்து ஷட்டரை இறக்கினேன். கறிக்கு நின்றவர்கள் யாரும் முணுமுணுக்கவில்லை. செங்கல்பட்டில் என் கடைக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் அக்காவின் வீட்டுக்காரர் தேவராஜ் அண்ணாத்தயைத் தெரியும்.

இந்த நினைவு மலரைப் படிக்கும், மறைமலை நகர்த் தொழிற்சாலையில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அவர் லேத்து ஓட்டி இரும்பைக் கடைந்த டர்னர். எனக்கு அவர் ரிட்டயரான பிறகுதான் பழக்கம். ஒருநாள் கடைக்கு வந்து, மாட்டுக்கால் எலும்பு முழுசாக வேண்டும், வெட்டக் கூடாது என்றார்.

"வெட்டினாத்தான அண்ணாத்த சூப்புல சாறு எறங்கும்?"

"சூப்புக்கு இல்ல பாய். கல்லு ஒடைக்க."

"எலும்பால கல்ல ஒடைப்பியா? அப்ப ஈரலால ஆணி அடிப்பியா?"

கடையே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டுப் பையிலிருந்து ஒரு கல்லை எடுத்து என் கையில் வைத்தார். வெற்றிலை வடிவம், இரண்டு பக்கமும் சீவி, சுற்றிலும் கூர். திருப்போரூர் பக்கம் மழை அரித்த செம்மண் மேட்டில் கிடைத்ததாம். ஆதிமனிதன் செய்த கைக்கோடரி என்றார்.

"எந்தப் பீஸக் காட்டினாலும் அதே மாதிரி செஞ்சி குடுத்தவன் நானு. இது ஒண்ணுகிட்டதான் தோத்துகினு கீறேன். கண்ண மூடறதுக்குள்ள இதே மாதிரி ஒண்ணு செஞ்சிடணும் பாய்."

ஏற்கெனவே நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தவர். வெறும் பேச்சாக அதை எடுத்துக்கொள்ள முடியவில்லை.

கூழாங்கல்லைக் கல்லால் அடித்தால் கூரான சில்லு தெறிக்கும். மனிதன் அங்கேதான் ஆரம்பித்தானாம். அதை இரண்டு பக்கமும் சீவிக் கோடரியாக்கப் பல லட்சம் வருஷம் பிடித்ததாம். அண்ணாத்த அதுவரை வந்துவிட்டார். ஆனால் அவர் செய்ததெல்லாம் நடுவில் தடித்து போண்டா மாதிரி இருந்தது. மெலிதாக்க இன்னும் ஓங்கி அடித்தால் இரண்டாகப் பிளந்தது. எலும்பால் தட்டினால்தான் மெல்லிசாகப் பெயரும் என்று எங்கேயோ தெரிந்துகொண்டு என்னிடம் வந்திருந்தார்.

நான் கொடுத்த எலும்புகளும் நொறுங்கின. வாரா வாரம் வாங்கிப் போய், வாரா வாரம் முகத்தைத் தொங்கப்போட்டு வந்தார். ஒருமுறை உடைந்த துண்டைக் கொண்டுவரச் சொன்னேன். வெளுத்துப் போயிருந்தது.

"இன்னாது இது? வேக வெச்சியா?"

"ரோஸ்லின் வுடமாட்டேங்கறா பாய். மொதல்ல சூப்பு, அப்பறம் உன் வெளாட்டுன்றா."

"ஆதிமனுசன் வூட்ல குக்கர் இருந்துச்சா அண்ணாத்த? வெந்த எலும்பு நாய் கடிச்சாலே நொறுங்கும். பச்சையா அடி!"

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் நானே பச்சை எலும்போடு அவர் வீட்டுக்குப் போனேன். கொல்லையில் உட்கார்ந்து, கல்லின் ஓரத்தை முதலில் தேய்த்து மழுக்கினார். லேத்தில் டூல் வைப்பதுபோலச் சாய்வு பார்த்தார். ஓங்கவில்லை, தட்டினார். 'டொப்' என்று மந்தமாக ஒரு சத்தம். வெங்காயத் தோல்போல அகலமாக, மெலிதாக ஒரு சில்லு கழன்று விழுந்தது.

"வந்துடுச்சி பாய்! வந்துடுச்சி!"

தெருவே கேட்ட அந்தக் கூச்சலில், நெஞ்சு வலியோ என்று பதறிக் கரண்டியோடு ஓடிவந்தார் ரோஸ்லின் அக்கா. லுங்கியை மடித்துக் கட்டி ஆடிக்கொண்டிருந்தார் மனுஷன். "கல்லால அடிச்சா கல்லு எதுத்துப் பேசுது. எலும்பால தட்டினா சொன்ன பேச்சு கேக்குது" என்றார்.

"உன்ன நானும் கரண்டியால அடிச்சிகினு கீறேன், நீ கேக்கறியா?" என்றார் அக்கா.

கோடரி முடிந்ததும் என் கடையிலேயே அரங்கேற்றம். தொடைக்கறியைத் தொங்கவிட்டேன். அண்ணாத்த கல்லை வைத்து இழுத்தார். சவ்வும் நரம்பும் வெண்ணெயாக விலகின. என் கத்தியை நான் ஒளித்து வைக்க வேண்டியதாயிற்று. "கல்லால அறுத்ததையே எனக்குப் போடு பாய்" என்று வரிசையில் சண்டை. பிறகு பழைய கோடரியையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"அவனுது ஒரு நூலு மெலிசு. பரவால்ல, அவன் எனக்கு சீனியர்."

பழையதை அருங்காட்சியகத்தில் கொடுத்துவிட்டார். தான் செய்ததை மட்டும் தலைமாட்டிலேயே வைத்திருந்தார். அடக்கத்தன்று ரோஸ்லின் அக்கா அதைப் பெட்டிக்குள் அவர் கையில் வைத்தார். "நாளைக்கு எவனாவது தோண்டினா, ஆதிமனுசன் கோட்டு சூட்டு போட்டிருந்தான்னு எழுதிடுவான்க்கா" என்றேன். அழுதுகொண்டே சிரித்தார்.

அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அந்தக் கூச்சலைத்தான். இதே செம்மண்ணில் முதன்முதலாக எலும்பால் கல்லைத் தட்டியவனும் அப்படித்தான் கத்தியிருப்பான். அவன் பக்கத்திலும், அதுவரை அவனைக் கிண்டல் செய்துகொண்டிருந்த ஒருவன் வாயைப் பிளந்து உட்கார்ந்திருப்பான். அந்த இடத்தில் உட்கார எனக்குக் கொடுத்துவைத்திருந்தது.