தட்டில் ஏறிய தண்ணீர்

எழுபதுகளின் பிற்பகுதியில் பதுளையில் ஓர் அலுவலகத்தில் எனக்கு வரைபடம் கீறும் வேலை. கிழக்குக் கரைப் பட்டினம் ஒன்றில் புயலடித்தால் கடல் எதுவரை ஏறும் என்று பொறியியலாளர் கணக்குப் போடுவார். அந்த எல்லையை நான் நீல மையால் இழுப்பேன். கோட்டுக்குள் புது வீடுகள் கட்டக்கூடாது என்பது திட்டம். ஒருநாள் கோடு என் அக்காவின் வீட்டைத் தாண்டிப் போயிற்று.

லுணுகலைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்த எங்களுக்கு மழை என்றாலே மண்சரிவுப் பயம். மழை வலுத்தால் லயத்து வரிசை வீடுகளை விட்டு மட்டமான மைதானத்துக்கு ஓடுவோம். அந்தப் பயத்தில்தான் அக்காவும் மச்சானும் மலையே இல்லாத அந்தக் கடற்கரைப் பட்டினத்தில் போய்க் குடியேறினார்கள். பயந்து ஓடியவர்கள் எங்கே போய் நின்றார்கள் பாருங்கள்!

தீபாவளிக்கு அக்கா தன் மகளோடு தோட்டத்துக்கு வந்தாள். மச்சானுக்கு லீவு இல்லை. நான் விஷயத்தைச் சொன்னதும் சிரித்தாள்.

"அங்க மலையே இல்லடா. எது சரிஞ்சு நம்ம மேல விழப்போகுது?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பலகாரத் தட்டைக் காலி செய்து தண்ணீர் ஊற்றினேன். ஒரு பக்கம் ஈரமண்ணைச் சரிவாக அணைத்து, அதன்மேல் ஒரு புளியங்கொட்டையை வைத்தேன். அதுதான் அவள் வீடு. மறுபக்கமிருந்து மூச்சைப் பிடித்து ஊதினேன். தண்ணீர் ஒதுங்கி மேலேறிக் கொட்டையை நனைத்தது.

"காத்து கடலத் தள்ளிக்கிட்டு வரும்க்கா. மட்டமான எடத்துல நிக்காத. மாடிக்கு ஏறு."

"போடா, பயந்தாங்கொள்ளி" என்றாள். ஆனால் தட்டையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த மாதம் புயல் வந்தது. எங்கள் மலைவரை அதன் காற்று ஏறி லயத்துத் தகரங்களைப் பிடுங்கியது. சனமெல்லாம் மைதானத்துக்கு ஓடியது, நானும் ஓடினேன். மட்டமான தரையில் கால் பட்டதும் எனக்கே 'அப்பாடா' என்றிருந்தது. மறுகணம் கிழக்கே திரும்பிப் பார்த்தேன். அக்காவும் இப்படித்தானே ஓடியிருப்பாள்?

மரங்கள் விழுந்து பாதை அடைபட்டதால் ஒரு தகவலும் இல்லை. அம்மா சோற்றைத் தொடவில்லை. பாதை திறந்த பிறகு ஒரு லொறியிலிருந்து அக்கா இறங்கினாள், மகளோடு.

"பள்ளிக்கூட மாடிக்கு ஏறிட்டோம்டா."

"மச்சான் எங்கக்கா?"

"மாடி ஆடுது, மைதானத்துக்குப் போயிருவோம்னு கூப்பிட்டாரு. போகாதீங்கன்னு கையப் புடிச்சேன். உதறிட்டு எறங்கிட்டாரு."

மகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீ தட்டுல ஊதிக் காட்டினப்ப அவரு இல்லையேடா."