ஆதனக்கோட்டையில் மாடு மாற்றியது

யுத்த காலம். பெட்ரோலுக்குக் கட்டுப்பாடு வந்து லாரிகள் படுத்துவிட்டன. கந்தர்வக்கோட்டைப் பக்கத்துக் கடலையை மாட்டுவண்டியில் ஏற்றி, புதுக்கோட்டையில் எங்கள் எண்ணெய் மில்லுக்குக் கொண்டுவந்து சேர்ப்பது என் வேலை. வண்டிக்காரர்களின் ஊரில் அம்மனுக்குக் காப்புக் கட்டும் நாளை மட்டும் நான் விசாரிக்கவில்லை. காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடியும்வரை அந்த ஊர்க்காரர் வெளியூரில் இரவு தங்கக் கூடாது. புதுக்கோட்டைக்கு வந்தால் வண்டி அன்றே ஊர் திரும்பவும் முடியாது.

மில்லில் கடலை தீர்ந்துகொண்டிருந்தது. "நாளைக்குள்ள சரக்கு வரலேன்னா மில்லு நிக்கும். ஒங்க வேலையும் அதோட சரி" என்று சொல்லிவிட்டார் முதலாளி.

ஓடியாடி ஒரு ஏற்பாடு செய்தேன். வண்டிக்காரர்கள் மூன்று வண்டிகளைப் பாதி வழியில், ஆதனக்கோட்டை வரை ஓட்டி வருவார்கள். டவுனிலிருந்து வேறு மாடுகள் வந்து அங்கிருந்து வண்டிகளை இழுத்து வரும்.

மறுநாள் உச்சிப்பொழுதில், நான் காத்திருந்த ஆதனக்கோட்டைக்கு மூன்று வண்டிகளும் வந்துவிட்டன. டவுன் மாடுகளைத்தான் வெகுநேரமாகியும் காணோம். வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது. மூட்டைகளை மூட இருந்ததோ ஒரே ஒரு தார்ப்பாய்.

மணிக்கட்டில் காப்பாக மஞ்சள் கயிறு கட்டியிருந்த மூத்த வண்டிக்காரர் மாடுகளை அவிழ்த்தார்.

"பொழுது சாயுதுங்க. நாங்க வாரோம்."

"மழை வருதுய்யா! இன்னும் கொஞ்ச நேரம் இருங்க."

"வீட்டுல சின்னப் புள்ளைக இருக்குங்க. அம்மனுக்கு நீங்களா பதில் சொல்லுவீங்க?"

கத்தினேன். கத்துவதற்கு எனக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. அவர் கோபப்படவில்லை. நுகத்தடிகளுக்கு முட்டுக் கொடுத்து நிறுத்திவிட்டு, மாடுகளை ஓட்டிக்கொண்டு அவர்கள் போய்விட்டார்கள்.

நடுரோட்டில் மாடில்லாத மூன்று வண்டிகளும் நானும். தார்ப்பாயை நடு வண்டி மேல் போட்டேன், பிறகு கடைசி வண்டிக்கு மாற்றினேன், மறுபடி எடுத்தேன். முதல் துளி கையில் விழுந்தபோதுதான் டவுன் மாடுகள் தெரிந்தன. வழியில் ஒன்றுக்கு லாடம் கழன்றுவிட்டதாம். திட்டக்கூட நேரமில்லை. பூட்டி ஓட்டினோம். துளி போட்டுப் பயமுறுத்திய மழை கிழக்கே ஒதுங்கிப் போய்விட்டது.

விளக்கு வைத்த பிறகு மில் வாசலில் வண்டிகள் நின்றன. முதலாளி ஒரு மூட்டைக்குள் கைவிட்டுக் கடலையை அள்ளிப் பார்த்தார்.

"நனையல. நல்ல ஏற்பாடா இருக்கே! நாளையிலேருந்து தெனமும் இப்படியே கொண்டாந்துருங்க."

காப்பு அவிழ இன்னும் ஒரு வாரம் இருந்தது. அழுகைதான் வந்தது எனக்கு. "சரிங்க" என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போகாமல் லாடக்காரரைத் தேடி நடந்தேன்.