பின்பக்கத்து கேட்

இந்த இடம் எப்படி என்று கேட்டு மாதத்துக்கு இரண்டு பேராவது எனக்கு போன் செய்கிறார்கள். பழைய தொழிற்சாலை நண்பர்கள், அவர்களுடைய சம்பந்திகள், சர்ச்சில் முகம் தெரிந்தவர்கள். முதியோர் குடியிருப்பில் சேரலாமா வேண்டாமா என்று குழம்புகிறவர்களுக்கு நான் ஒரு நிபுணன் ஆகிவிட்டேன். முப்பத்து நான்கு வருடம் தரப் பரிசோதனைப் பிரிவில் குப்பை கொட்டியவனுக்கு நிறை குறை சொல்வதா கஷ்டம்? தண்ணீர் நாள் முழுக்க வரும், கரண்ட் போனால் உடனே ஜெனரேட்டர் ஓடும், சாம்பாரில் வெல்லம் போடுவார்கள், சகித்துக்கொள்ளுங்கள் என்பேன். நன்றி சொல்லி வைத்துவிடுவார்கள். பின்பக்கத்து கேட்டைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நானும் ரொம்ப நாள் சொன்னதில்லை.

இங்கே வருவதற்கு முன் பெங்களூர் காக்ஸ் டவுனில் இருபத்தெட்டு வருடம் இருந்தோம், நானும் என் மனைவியும். பிள்ளைகள் இல்லை. அவள் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. தெருவில் பாதிப் பேர் அவளிடம் அ, ஆ படித்தவர்கள், மீதிப் பேர் அவர்களைப் பெற்றவர்கள். தொண்ணூற்றொன்றில் காவிரிக் கலவரம் வந்தபோது எதிர்வீட்டுக் கன்னடக்காரர் எங்கள் இருவரையும் தன் வீட்டுப் பின்னறையில் இரண்டு நாள் வைத்துக்கொண்டார். தமிழ் பேப்பர் போடுகிறவனிடம் அந்த இரண்டு நாளும் எங்கள் வீட்டுக்குப் போட வேண்டாம் என்று சொன்னதும் அவர்தான். என் மாமியார் எங்கள் வீட்டில்தான் இறந்தார். அன்றைக்கு நாற்காலிகள் நான்கு வீடுகளிலிருந்து வந்தன. முனை வீட்டு முஸ்லிம் அம்மா பெரிய பாத்திரத்தில் டீ போட்டு அனுப்பினார். சர்ச் ஆட்கள் வந்து பாட்டுப் பாட, தெருவில் சும்மா போனவர்கள்கூடச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து முகம் பார்த்தார்கள். "எங்கம்மாவுக்குத் தெருவே வந்துச்சுங்க" என்று என் மனைவி பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பிறகு அந்தத் தெரு கரைந்துபோனது. எதிர்வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தார். அவர் மகன் இடத்தை விற்க, அங்கே அபார்ட்மெண்ட் எழும்பியது. முனை வீட்டுக்காரர்கள் மகளோடு போய்விட்டார்கள். ஒருநாள் காலையில் நான் குளியலறையில் வழுக்கி விழுந்து எழ முடியாமல் கிடந்தேன். அவள் ஜன்னலில் நின்று இருபது நிமிடம் கத்தினாள். எதிரே மூன்று மாடி, பன்னிரண்டு பால்கனி. ஒரு தலை எட்டிப் பார்க்கவில்லை. கடைசியில் கேஸ் சிலிண்டர் கொண்டுவந்த ஆள்தான் சிலிண்டரை வாசலில் போட்டுவிட்டு என்னைத் தூக்கினார்.

அன்று மாலையே அவள் சொன்னாள். "ஏங்க, நமக்குப் பிள்ளையா குட்டியா. நாளைக்கு ஒண்ணுன்னா நாலு பேரு வரணும்ல? இந்தத் தெருவுல இப்ப யாருங்க வருவா?"

சர்ஜாபூர் பக்கம் புதிதாக ஒரு குடியிருப்பு வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போனோம். நான் ஒரு நோட்டு எடுத்துக்கொண்டேன். பக்கத்தின் நடுவே கோடு போட்டு, இடப்புறம் நிறை, வலப்புறம் குறை. ஒவ்வொரு குழாயாகத் திறந்து பார்த்தேன். குளியலறைக் கைப்பிடியில் என் முழு எடையையும் போட்டுத் தொங்கினேன். சக்கர நாற்காலிக்கான சரிவுப் பாதை எத்தனை அடிக்கு எத்தனை அங்குலம் இறங்குகிறது என்று டேப் வைத்து அளந்தேன். கட்டில் பக்கத்து அவசரக் கயிற்றை இழுத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தேன். நர்ஸ் நான்கு நிமிடத்தில் வந்தாள். நிறைப் பக்கம் வழிந்தது. குறைப் பக்கத்தில் மூன்றுதான்: கொசு, தூரம், சைவச் சாப்பாடு மட்டும்.

அவள் ஒரு குழாயையும் தொடவில்லை. சாப்பாட்டு ஹாலில் நின்று நாற்காலிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். "நூத்தி இருபது இருக்குங்க" என்றாள். "இத்தனை பேரு இருக்குற இடத்துல நாலு பேருக்குப் பஞ்சம் வராது." எனக்குச் சிரிப்பு வந்தது. நோட்டில் அதை எழுதவில்லை. ஆனால் அவள் சம்மதித்தது அந்த ஒரே காரணத்துக்காக. மீனை விட்டாள், சர்ச்சை விட்டாள், தெருவை விட்டாள். அவள் பார்வையில் அத்தனைக்கும் ஈடு அந்த நூற்றிருபது நாற்காலிகள்.

அவள் அந்த நாற்காலிகளை வீணாக்கவும் இல்லை. இரண்டே மாதத்தில் யாருக்குச் சர்க்கரை, யாருக்கு மருமகளோடு பேச்சுவார்த்தை இல்லை என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. மேசைக்கு மேசை போய், கன்னடக்காரர்களிடம் "ஊட்டா ஆய்த்தா?" என்று சாப்பாட்டை விசாரிப்பாள். மலையாளிகளிடம் உடைந்த மலையாளம். எங்கள் வரிசை அறைகளைக் கூட்டித் துடைக்கும் பெண் நீலசந்திராவிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவள், தமிழ்க்காரி. மாதம் ஒருமுறை டிபன் டப்பாவைத் துணிப்பையில் சுற்றி மீன் குழம்பு கடத்திக்கொண்டு வருவாள். என் மனைவி ஜன்னலைச் சாத்திவிட்டு, ஊதுவத்தி கொளுத்தி வைத்துவிட்டுச் சாப்பிடுவாள். நான் ஒரு கமிட்டி மெம்பர், இதைப் பார்க்காத மாதிரி பேப்பர் படிப்பேன்.

ஆமாம், கமிட்டி. குடியிருப்போர் கமிட்டியில் ஏழு பேர், அதில் நானும் ஒருவன். ஓய்வு பெற்றவனுக்கு ஒரு நாற்காலியும் ஒரு ஃபைலும் கிடைத்தால் போதும், மறுபடி மனிதனாகிவிட்டதாக நினைப்பான். எங்கள் மூன்றாவது வருடத்தில் ஒருவர் இறந்தார். அமெரிக்காவிலிருந்து மகன் வரவேண்டும் என்று அவரை முன்வாசல் போர்ட்டிகோவில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒன்றரை நாள் வைத்திருந்தார்கள். சாப்பாட்டு ஹாலுக்குப் போகிற வழி அது. பலர் சாப்பிட வரவில்லை. ஒரு அம்மாவுக்குப் பி.பி. ஏறி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கமிட்டி கூடியது. இனி இறந்தவர்களை வளாகத்தில் வைக்கக் கூடாது, எல்லோரும் ஓய்வெடுக்கும் மதியம் இரண்டு மணிக்கு, சமையலறை ஓரமாகப் பின்பக்கத்து கேட் வழியாக எடுத்துவிட வேண்டும், அறிவிப்பு நான்கு மணி டீக்குப் பிறகு என்று முடிவாயிற்று. யாரோ, சொந்தக்காரர்கள் ஒரு மணி நேரம் ஹாலில் வைக்கக் கேட்டால் என்ன செய்வது என்றார். "ஒருத்தருக்குப் பண்ணா எல்லாருக்கும் பண்ணணும்" என்று சொன்னது நான். விதியை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்ததும் நான்தான். நன்றாக எழுதியிருக்கிறீர்கள் என்றார்கள். அந்தப் பெருமையோடு அறைக்கு வந்து அவளிடம் படித்துக் காட்டினேன்.

"அப்ப நான் செத்தா?" என்றாள்.

"பேச்சைப் பாரு. பொதுவா போட்ட ரூல் இது. யாருக்கும் தொந்தரவு இல்லாத ஏற்பாடு."

அவள் மடித்துக்கொண்டிருந்த துண்டை மறுபடி பிரித்து, மறுபடி மடித்தாள். "சாவே தொந்தரவுதானேங்க" என்றாள். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்கு அடுத்த வருடம், ஒரு வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு, கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தாள். நான் கயிற்றை இழுத்தேன். நர்ஸ் மூன்று நிமிடத்தில் வந்துவிட்டாள். நான் நோட்டில் எழுதியதைவிட ஒரு நிமிடம் முன்னதாக. அது டாக்டர் வருகிற நாள். அவரும் உடனே வந்தார், பார்த்தார், என் தோளில் கை வைத்தார். எந்தக் குறையும் சொல்ல முடியாது.

மேனேஜர் வந்தான். நல்ல பையன், பணிவானவன். "சார், வண்டி சொல்லிட்டேன். ரெண்டு மணிக்கு வந்துடும்" என்றான்.

"ஒரு மணி நேரம் ஹால்ல வைக்கலாமாப்பா? எல்லாரும் பார்த்துடுவாங்க. அவளுக்கு..."

அவன் தரையைப் பார்த்தான். "சார், உங்களுக்குத் தெரியாததா. ஒருத்தருக்குப் பண்ணா எல்லாருக்கும் பண்ணணும்."

என் வாக்கியம். ஒரு சொல் பிசகவில்லை. நான் தலையாட்டினேன். சண்டை போட்டிருக்கலாம், கத்தியிருக்கலாம், கதவைத் திறந்துவைத்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டிருக்கலாம். செய்யவில்லை. விதி எழுதியவன் விதியை மீறினால் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று நினைத்தேன். வெட்கக்கேடு, ஆனால் அதைத்தான் நினைத்தேன்.

பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு மணி அடித்தது. சாத்திய கதவுக்கு வெளியே நடைக்கோல்கள் போகும் சத்தம், யாரோ ஏதோ சொல்லி இரண்டு பேர் சிரிக்கும் சத்தம். தட்டுகள் வைக்கிற ஒலி கேட்டது, சாம்பார் வாசனை வந்தது. அவள் பெயர் சொல்லி நலம் விசாரித்த அத்தனை பேரும் ஐம்பது அடி தள்ளி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவளைக் காணோமே என்று ஒருவர் கேட்டாராம். கொஞ்சம் உடம்பு சரியில்லை என்று நர்ஸ் சொன்னாளாம். பிறகு தெரிந்துகொண்டேன்.

இரண்டு மணிக்கு ஸ்ட்ரெச்சர் வந்தது. தூக்கியவர்கள் வண்டி டிரைவர், செக்யூரிட்டி, பிளம்பர், சமையலறையிலிருந்து ஒருவர். எண்ணிப் பார்த்தேன். சரியாக நாலு பேர்.

காரிடாரில் பாதி தூரம் போயிருப்போம். நீலசந்திராப் பெண் எதிரே வாளியோடு வந்தாள். அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. வாளி கீழே விழுந்தது. "அய்யோ அம்மா! காலைலகூட எங்கிட்ட பேசினியேம்மா! இப்டி பண்ட்டியேம்மா!" என்று மார்பில் அடித்துக்கொண்டு கதறினாள். அந்தக் கட்டடத்தில் என் மனைவிக்காக எழுந்த முதல் அழுகை அது. ஒரு பத்துப் பதினைந்து நொடி இன்னும் அழுதிருந்தால் கதவுகள் திறந்திருக்கும். கோலை ஊன்றிக்கொண்டு, பல் செட்டைப் போட மறந்து, ஒவ்வொருவராக வந்திருப்பார்கள். காரிடார் நிறைந்திருக்கும்.

நான் கையைத் தூக்கினேன். "சத்தம் போடாதம்மா. எல்லாரும் தூங்குறாங்க."

அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். முந்தானையைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டாள். அழுகை நின்றது. ஒரு கதவும் திறக்கவில்லை.

பின்பக்கத்து கேட் காய்கறி வண்டி வருகிற கேட். ஒருபக்கம் காலி சிலிண்டர்கள், மறுபக்கம் தோலும் சக்கையும் போடுகிற டிரம். அவளை அந்த வழியாகக் கொண்டுபோனோம். மறுநாள் காக்ஸ் டவுன் சர்ச்சில் அடக்க ஆராதனை. பழைய ஆட்கள் இருபது பேர் இருந்தால் அதிகம். இங்கிருந்து இரண்டு பேர் டாக்சி பிடித்து வந்தார்கள். குடியிருப்பின் வேன் அன்று கண் ஆஸ்பத்திரிக்குப் போக ஏற்கெனவே ஏற்பாடாகியிருந்தது. நீலசந்திராப் பெண் லீவு போட்டுவிட்டு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

மூன்று மாதம் கழித்துப் பொதுக் கூட்டத்தில் அந்த விதியை எடுத்துவிட வேண்டும் என்று எழுந்து பேசினேன். பொறுமையாகக் கேட்டார்கள். "உங்க வருத்தம் புரியுது சார். ஆனா எங்க பி.பி.யையும் பாருங்க" என்றார் ஒரு அம்மா. என் மனைவி தினமும் மாத்திரை ஞாபகப்படுத்தியது அந்த அம்மாவுக்குத்தான். கை தூக்கச் சொன்னார்கள். என் பக்கம் என்னையும் சேர்த்து ஐந்து கைகள். அவர்களை எப்படிக் கோபித்துக்கொள்வது? எல்லோரும் நல்லவர்கள். நானும் ஒரு காலத்தில் அந்த நல்லவர்களில் ஒருவன்தானே.

கமிட்டியை விட்டுவிட்டேன். இடத்தை விடவில்லை. எங்கே போவது? காக்ஸ் டவுன் வீட்டை விற்றாயிற்று. முழங்காலுக்குக் கைப்பிடி வேண்டும், ராத்திரிக்குக் கயிறு வேண்டும். கைப்பிடி இன்றுவரை அசையவில்லை.

போன மாதம் சேலத்துக்காரத் தம்பதி ஒன்று பார்க்க வந்தது. மகன் இங்கே ஐ.டி.யில் வேலையாம். மேனேஜர் என்னிடம் அனுப்பினான். கணவர் கையில் நோட்டு, பக்கத்தின் நடுவே கோடு. குழாயைத் திறந்தார், கைப்பிடியை ஆட்டினார், ஜெனரேட்டர் எத்தனை கே.வி.ஏ. என்று கேட்டார். அந்த அம்மா மட்டும் மெல்ல, "இங்க ஆளுங்க எல்லாம் எப்படிங்க? நல்லா பழகுவாங்களா?" என்றார்.

"நல்லா பழகுவாங்கம்மா" என்றேன். "வாங்க, ஒரு இடம் காட்டுறேன்."

சமையலறை ஓரமாக இருவரையும் கூட்டிப்போனேன். சிலிண்டர்களையும் டிரம்மையும் தாண்டி கேட்டின் முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னேன்: இரண்டு மணி, வண்டி, நாலு மணி அறிவிப்பு. என் மனைவியை இந்த வழியாகத்தான் எடுத்தோம் என்றும் சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டுக்கொண்டார். தாழ்ப்பாளை ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.

"நல்ல ஏற்பாடுதாங்க. யாருக்கும் தொந்தரவு இல்ல" என்று சொல்லிவிட்டு நோட்டைத் திறந்து, இடப்புறத்தில் எழுதினார். அந்த அம்மா அவர் எழுதுவதைப் பார்க்கவில்லை. கேட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.