பணியாளர் வசதி

ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில், மற்றவர்களை ஒத்துப்போக வைப்பதுதான் என் வேலை. எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிப்போடுவது என்று துறைத் தலைவர்கள் ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள். நான் பலகையில் பட்டியல் எழுதி, ஸ்ரீபெரும்புதூர் ஃபேன்சி ஸ்டோரில் வாங்கிய ஸ்டிக்கர் பொட்டை ஆளுக்கு மூன்று கொடுப்பேன். எதற்குப் பொட்டு அதிகமோ அதற்குத்தான் அந்த வருடம் முதலிடம். சம்பளத்துக்கு நாட்டாமை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வருடம், கூட்டத்துக்கு முந்தைய வாரம், ஒயரிங் லைனில் வேலை பார்த்த ஒரு பெண் என்னைத் தேடி வந்தாள். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், வல்லக்கோட்டையில் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். பெண்கள் கழிப்பறை ஆலையின் மறுகோடியில் இருந்தது. போய்வரக் கால் மணி நேரம் ஆகும், சூப்பர்வைசர் விடுவதோ பத்து நிமிடம். அதனால் ஷிப்ட் முழுக்கத் தண்ணீரே குடிக்காமல் இருந்து, இரண்டு தடவை யூரின் இன்ஃபெக்‌ஷன் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறாள். மறுபடி வந்தால் கிட்னியைப் பாதிக்கும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார்.

"எக்கா, லைன் பக்கத்துல ஒரு கக்கூஸ் கட்டச் சொல்லுங்க. அது போதும்," என்றாள். கட்டாயம் சொல்கிறேன் என்றேன்.

கூட்டத்தில் பன்னிரண்டு ஆண்கள், நான் ஒருத்தி. பலகையில் அந்த வார்த்தையை எழுதக் கை கூசியது. யாராவது சிரித்துவிட்டால்? 'பணியாளர் வசதி' என்று நாகரிகமாக எழுதினேன். கேட்டால் விளக்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஒருவரும் கேட்கவில்லை. பன்னிரண்டு பேரும் அதற்குப் பொட்டு வைத்தார்கள்.

"இன்னா மேடம், எங்க மனசுல கீறத அப்படியே எழுதிட்டீங்க," என்றார் மெயின்டனன்ஸ்காரர். "வெயில்ல நின்னு காரெல்லாம் கொதிக்குது. மொதல்ல ஷெட்டு போட்டுரலாம்."

எல்லோரும் தலையாட்டினார்கள். சண்டையே இல்லாத கூட்டத்தை இன்றுதான் பார்க்கிறேன் என்று ஆலைத் தலைவர் என்னைப் பாராட்டினார். என் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? பாராட்டு இனித்தது, அதனால் பேசாமல் இருந்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என் மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

ஷெட் எழும்பியது. என் ஸ்கூட்டிக்கும் அதில் இடம் ஒதுக்கினார்கள். அவளிடம் அடுத்த வருடக் கூட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

அதற்குள் அவளுக்கு இன்ஃபெக்‌ஷன் மறுபடி வந்துவிட்டது. இந்தத் தடவை கிட்னி வரை போய்விட்டது. ஊருக்குக் கூட்டிப்போக அவள் அப்பா வந்து கேட்டில் நின்றிருந்தார். வேலையை விடுவதற்கான படிவம் இங்கிலீஷில் இருந்ததால், நிரப்பித் தரச் சொல்லி என்னிடம் நீட்டினாள். 'காரணம்' என்ற கட்டத்துக்கு வந்தபோது என் பேனா நின்றது. பிறகு 'சொந்தக் காரணம்' என்று இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தேன்.

"படிச்சுப் பாரும்மா," என்றேன்.

"நீங்க எழுதுனா சரியாத்தான் இருக்கும்க்கா," என்று சொல்லிவிட்டு, பார்க்காமலே கையெழுத்துப் போட்டாள்.