மீன் மணத்தோடு சிங்காசனத்தின் அருகே

கர்த்தருக்குள் அன்பான சகோதர சகோதரிகளே, இதைச் சொல்ல நான் உயிரோடு இருக்கிறேன். அதற்கே முதல் ஸ்தோத்திரம்.

போன வருஷம் மழைக்கால மீன்பிடித் தடை முடிந்து கடலுக்குப் போன முதல் பயணம் அது. தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்திலிருந்து புறப்பட்டு, மீன் பிடித்துவிட்டுக் கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். பெரிய கப்பல்கள் போகும் பாதையின் நடுவே வந்தபோது எஞ்சின் இரண்டு முறை இருமியது. அப்புறம் நின்றுபோனது. படகில் எட்டுப் பேர் இருந்தோம். படகை நடத்துகிறவனை எங்கள் தொழிலில் ஸ்ராங்கு என்போம். அந்தப் படகுக்கு ஸ்ராங்கு நான்தான். எட்டு உயிருக்கும் நான்தான் பொறுப்பு.

நடந்ததைச் சொல்வதற்கு முன், நான் எப்படிப்பட்ட விசுவாசி என்பதையும் சொல்லிவிடுகிறேன். கன்னியாகுமரிக் கடற்கரையில் பிறந்தவன். பிழைப்புக்காக மனைவி ஸ்டெல்லாவோடு மலையாளக் கரையில் உள்ள மட்டாஞ்சேரிக்கு வந்து வருஷங்கள் ஆகிவிட்டன. எங்கள் சபை ஒரு சுக்குக் கிடங்கின் மாடியில் கூடுகிறது. காலையில் மலையாள ஆராதனை, மத்தியானம் தமிழ் ஆராதனை. எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து சரியாக வராது என்பதால் தமிழ்ப் பாட்டை மலையாள எழுத்தில் எழுதி வைத்துப் பாடுவார்கள்.

எங்கள் பாஸ்டர் ஜெபம் தொடங்கும் முன் எப்போதும், "கண்ணை மூடுங்க. ஆண்டவரோட சிங்காசனத்தைப் பாருங்க. கிட்ட போங்க" என்பார். எல்லாரும் கண்ணை மூடுவார்கள். கொஞ்ச நேரத்தில் ஒருவர் அழுவார், ஒருவர் கைதட்டுவார். நானும் மூடுவேன். வானவில், வெள்ளை உடுத்த மூப்பர்கள், சிங்காசனத்துக்கு முன்னால் பளிங்கு போன்ற கண்ணாடிக் கடல் என்று வேதத்தில் சொல்லியிருக்கிறதல்லவா? மற்றவர்கள் வானவில்லைப் பார்ப்பார்கள் போலிருக்கிறது. நான் கடல்காரன், எனக்குக் கடல்தான் முதலில் தெரியும். அலையே இல்லாத கடல். அதற்கு இந்தக் கரையில் நான் நிற்பேன். அந்தக் கரையில் சிங்காசனம். ஒரு நாளும் தாண்டிப் போனதில்லை.

காரணம் உண்டு. ஒருமுறை ஆராதனையில் என் பக்கத்தில் இருந்த சகோதரி மெல்ல எழுந்து போய் ஜன்னலைத் திறந்துவிட்டு, திரும்பி வந்து வேறு வரிசையில் உட்கார்ந்தார். ஏன் என்று எனக்குப் புரிந்தது. மீன்பிடிக்கிறவன் எத்தனை சோப்புப் போட்டாலும், எலுமிச்சம்பழம் தேய்த்தாலும் விரல் இடுக்கில் அந்த வாடை இருக்கும். எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வந்தது. அன்றிலிருந்து வாசலை ஒட்டிய கடைசி இடம் என் இடமாகிவிட்டது. ஆண்டவரின் சன்னிதியில் எல்லாரும் வெள்ளை உடுத்து நிற்கும்போது, கைலியும் மீன் செதிலுமாக நான் எங்கே போய் நிற்பது என்ற நினைப்பு மனசுக்குள் ஊறிப்போனது.

அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தேன். வெள்ளைச் சட்டை ஒன்றைத் துவைத்து, தேய்த்து, பிளாஸ்டிக் பையில் கட்டிப் படகிலேயே வைத்திருப்பேன். ஞாயிற்றுக்கிழமை கரை சேர்ந்தால் துறைமுகக் குழாயில் குளித்துவிட்டு அதைப் போட்டுக்கொண்டு நேரே சபைக்குப் போவேன். சட்டை போட்ட பிறகுதான் ஜெபம். படகில் வாய்விட்டு ஒரு நாளும் ஜெபித்ததில்லை. கெட்ட வார்த்தையும் மீன் ரத்தமுமாகக் கிடக்கிற இடத்தில் ஆண்டவர் பேரைச் சொல்லக் கூடாது என்பது என் எண்ணம். இந்தத் தப்பைச் செய்கிற கடல்காரன் நான் ஒருவன் மட்டும் இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.

எஞ்சினைப் பார்க்கிறவன் பைஜு. வைப்பின் தீவுக்காரன், மலையாளி; எங்களோடு பழகித் தமிழ் பேசுவான். சபைக்கு வர மாட்டான். என்னை "உபதேசி" என்று கேலி செய்வான். அவன் கீழே இறங்கிப் பார்த்துவிட்டுக் கையெல்லாம் கறுப்பாக மேலே வந்தான்.

"ஸ்ராங்கே, ஃபில்டர் மொத்தம் அடைச்சு போச்சு. தடைக்காலம் முழுக்க படகு சும்மா கிடந்ததல்லே? டேங்குக்கு அடியில உள்ள சேறு எல்லாம் இந்த ஆட்டத்துல கலங்கி ஏறியிருக்கு."

"வேற ஃபில்டர் இல்லியாடே?"

"அதையும் மாத்தி பாத்தாச்சு. அதுவும் அடைச்சு போச்சு."

வயர்லெஸ்ஸில் கூப்பிட்டேன். இரைச்சல்தான் பதிலாக வந்தது. எஞ்சின் இல்லாத படகை அலை குறுக்கே திருப்பிவிடும். அப்படித்தான் திருப்பியது. படகு ஒரு பக்கம் சாய்ந்து நிமிர, அடுத்த அலை தயாராக நின்றது. மழை வேறு. அந்த மழைக்குள் ஒரு சரக்குக் கப்பல் தெரிந்தது. அதன் மூக்கு எங்களைப் பார்த்தே இருந்தது. படகில் வேலை செய்யும் பையன்கள் சிவப்புத் துணியை வீசினார்கள், தொண்டை கிழியக் கத்தினார்கள். அவ்வளவு பெரிய கப்பலுக்கு நாங்கள் ஒரு மிதக்கும் கட்டைகூட இல்லை. மழையில் எங்களைப் பார்க்கவே முடியாது. பார்த்தாலும் அதைச் சட்டென்று திருப்ப முடியாது.

ஸ்டெல்லா முகம் வந்தது. எட்டு வீட்டுக்கு யார் போய்ச் சொல்வார்கள் என்ற நினைப்பு வந்தது. அப்போது நான் செய்ததைக் கேட்டால் சிரிப்பீர்கள். பலகைக்கு அடியிலிருந்து வெள்ளைச் சட்டையை எடுத்தேன். சாகத்தான் போகிறோம், ஆண்டவர் முன்னால் வெள்ளையோடு போய் நிற்போம் என்று பையை அவிழ்த்தேன். ஒரு கையைச் சட்டைக்குள் நுழைத்தும்விட்டேன்.

பைஜு அதைப் பார்த்துவிட்டான்.

"ஸ்ராங்கே! அந்தச் சட்டைய இங்க தா! டீசல் அரிக்கணும். படகுல உள்ள துணி எல்லாம் உப்பும் எண்ணெயும். சுத்தமான துணி இது ஒண்ணுதான்."

"இது தர மாட்டேன்" என்றேன். "இது சன்னிதிக்கு உள்ளது."

"எடோ, நீ தெய்வத்துகிட்ட போய் பேசு. எஞ்சின நான் பாத்துக்கறேன். சட்டைய மட்டும் தந்துட்டு பேசு!"

அந்த வார்த்தை என் மேல் தண்ணீர் ஊற்றினது போல விழுந்தது. சட்டையைக் கொடுத்தேன். கண் எதிரே அது கறுத்துப்போனது. அதை மடித்துப் பிடித்து, டேங்கிலிருந்து கலங்கிய டீசலை ஒரு கேனுக்குள் அவன் வடிகட்ட ஆரம்பித்தான். நான் கிழிந்த பனியனோடு, செதில் ஒட்டிய கையோடு நின்றேன். போட்டுக்கொள்ள ஒன்றும் இல்லை. கப்பல் பெரிதாகிக்கொண்டே வந்தது.

அப்போதுதான் எனக்கு ஒரு வைராக்கியம் வந்தது. சுக்கானைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடாமல், பையன்கள் எல்லாரும் கேட்க வாய்விட்டு ஜெபித்தேன்.

"ஆண்டவரே, இப்படியேதான் வாறேன். நாத்தத்தோடதான் வாறேன். நீர் கூப்பிட்டு கூட வச்சிருந்த பேதுருவும் என்ன மாதிரி வலைக்காரன்தான், அவன் கையிலயும் இந்த வாடைதான் இருந்திருக்கும். அவனுக்கு கரையில தீ போட்டு நீரே மீன் சுட்டுக் கொடுத்தீர். என்னய போகச் சொன்னாலும் நான் போகமாட்டேன். இந்த எட்டுப் பேரையும் வீட்டுல கொண்டு விடும்."

தரிசனம் கண்டேன் என்று சொல்ல மாட்டேன். பொய் சொல்லி மகிமைப்படுத்த வேண்டிய தேவை அவருக்கு இல்லை. ஆனால் அந்த நேரத்தில் என் மனசில் சிங்காசனம் தெரிந்தது. எனக்கும் அதற்கும் நடுவே கண்ணாடிக் கடலும் இல்லை, அந்தக் கரை இந்தக் கரையும் இல்லை. அதன் காலைப் பிடித்துக்கொண்டு நான் கிடக்கிறேன். அங்கிருந்து யாரும் எழுந்து ஜன்னலைத் திறக்கவில்லை. கிருபாசனம் என்கிற அந்தச் சிங்காசனத்துக்குப் பக்கத்தில் தைரியமாக வரலாம் என்று எத்தனையோ பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன். தைரியம் என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பயம் போகவில்லை. பயந்துகொண்டேதான் கேட்டேன், ஆனால் விடவில்லை.

பைஜு கேனிலிருந்து நேரே பம்புக்குக் குழாய் கொடுத்து, குழாயில் இருந்த காற்றை எடுத்துவிட்டு எஞ்சினைச் சுற்றினான். பிடிக்கவில்லை. மறுபடி சுற்றினான். பேட்டரி முனகியது. "இனி ஒரு தடவைதான் சுத்தும்" என்று கீழேயிருந்து கத்தினான். "ஆண்டவரே, விடமாட்டேன்" என்று நான் மேலேயிருந்து கத்தினேன். பையன்களும் சேர்ந்து கத்தினார்கள். அது ஜெபமா கூச்சலா என்று பரலோகத்துக்குத்தான் தெரியும்.

எஞ்சின் பிடித்தது.

சுக்கானை ஒடித்துத் திருப்பினேன். படகு திரும்பியது. கப்பல் எங்களுக்குப் பின்னால், பெரிய சுவர் நகர்வது போல நகர்ந்து போனது. அதன் அலை எங்களைத் தூக்கிப் போட்டது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. பையன்களில் ஒருவன் ஐஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். நானும் அழுதேன். எதற்கு மறைக்க வேண்டும்?

பைஜு மேலே வந்து, "எஞ்சின ஓட விட்டது நானாக்கும், கேட்டோ" என்றான்.

"நீதாண்டே" என்றேன். "உன்ன வச்சுத்தான் அவரு ஓட விட்டாரு."

"அப்படின்னா எனக்கு ஒரு சாயா வாங்கித் தரச் சொல்லு அவருட்ட" என்றான். கரை சேர்ந்ததும் நான்தான் வாங்கிக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கரை சேர்ந்தோம். ஸ்டெல்லா துறைமுகத்தில் நின்றாள். விஷயத்தைக் கேட்டு என்னைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு, "குளிச்சிட்டு வாங்க, வேற சட்டை எடுத்துட்டு வாறேன்" என்றாள்.

"இப்பமே போவம்" என்றேன். "ஆராதனை தொடங்கியிருக்கும்."

பைஜு தன் பழைய சட்டையை எனக்குக் கொடுத்தான். டீசலும் மீனும் மணக்க, நான் மாடிப்படி ஏறிப் போய் முதல் வரிசையில் முழங்கால் போட்டேன். யார் பார்த்தார்கள், யார் மூக்கைப் பொத்தினார்கள் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு அது தேவைப்படவில்லை.

சுத்தமாக வருவது தப்பு என்று நான் சொல்லவில்லை. இன்றைக்கும் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டுதான் சபைக்குப் போகிறேன். ஆனால் சட்டை என்னை உள்ளே விடும் என்ற நினைப்பு கடலோடு போய்விட்டது. உள்ளே விடுகிறவர் வேறு. அவர் தம்முடைய இரத்தத்தினாலே வழியைத் திறந்து வைத்திருக்கிறார்.

பிரியமானவர்களே, உங்களில் யாராவது வாசலோரத்தில் உட்கார்ந்திருக்கலாம். குடியை விட்ட பிறகு வருகிறேன், கோபம் அடங்கின பிறகு வருகிறேன், நாலு பேர் மதிக்கிற மாதிரி ஆன பிறகு கேட்கிறேன் என்று காத்திருக்கலாம். அப்படிக் காத்திருக்க நமக்கு நேரம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. இருக்கிறபடியே எழுந்து கிட்டப் போங்கள். போன பிறகு, கேட்டது கிடைக்கும்வரை திரும்பி வராதிருங்கள்.

பைஜு இன்னும் சபைக்கு வரவில்லை. அவனுக்காகவும் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஆனால் இப்போது ஒவ்வொரு பயணத்திலும், எஞ்சினில் கை வைக்கும் முன் கீழேயிருந்து அவன் சத்தம் கொடுக்கிறான்: "ஸ்ராங்கே, பேசியாச்சா?"

"பேசியாச்சு" என்று நான் சொன்ன பிறகுதான் எஞ்சினைத் தொடுகிறான்.