எல்லையில் நின்று கூப்பிட வேண்டியவர்

ஐம்பதுகளின் தொடக்கம். கேரளம் என்று தனி மாநிலம் வந்திராத காலம். பாலக்காட்டுக்குக் கிழக்கே, எலப்புள்ளியையும் தாண்டி, கோயமுத்தூர் எல்லையை ஒட்டிக் கிடந்த ஒரு சின்னப் பதியில் நான் வாழ்க்கைப்பட்டிருந்தேன். எங்கள் பக்கத்தில் நாலு குடும்பம் சேர்ந்து காட்டைத் திருத்தி உட்கார்ந்துவிட்டால் அதற்குப் பதி என்று பெயர். எங்களுடையதில் பத்துப் பன்னிரண்டு வீடு இருக்கும். எல்லாம் பங்காளிகளும் சம்பந்தி வீட்டாரும்தான். சற்றுத் தள்ளிப் பண்ணையாள் குடும்பங்கள் இரண்டோ மூன்றோ. அந்த இடத்தைக் கண்டுபிடித்து, இங்கே கிணறு வெட்டினால் பிழைத்துக்கொள்ளலாம் என்று சொந்தக்காரர்களையெல்லாம் கூட்டிவந்து குடியேற்றியவர் என் வீட்டுக்காரர். வயதில் இளையவர்தான் என்றாலும் அவர் பேச்சுக்கு அங்கே மறுபேச்சு கிடையாது.

கிணறு வெட்டியதும் தண்ணீர் வந்தது, சும்மா சொல்லக்கூடாது. சில வருஷம் சோளமும் நிலக்கடலையும் நன்றாகவே விளைந்தன. பிறகு வானம் கைவிட்டது. ஒரு வருஷம் பொய்த்தால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடலாம். அடுத்த வருஷமும் அப்படி, அதற்கு அடுத்ததும் அப்படி என்றால் என்ன செய்வது? கிணற்றில் கவலை இழுத்துத் தண்ணீர் இறைத்த மாடுகள் வேலையில்லாமல் நின்றன. தீவனத்துக்கு வழியில்லாமல் கூரை ஓலையைப் பிடுங்கி அவற்றுக்குப் போட்டோம். குடிதண்ணீருக்குக் கோரையாற்று மணலில் ஊற்றுத் தோண்டி, தேங்காய்ச் சிரட்டையால் மொண்டு மொண்டு குடத்தை நிரப்ப வேண்டும். குடத்தில் பாதி தண்ணீர், பாதி சேறு.

அந்தத் தண்ணீர் என் மகளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. முதல் குழந்தை, தவழுகிற வயது. வயிற்றுப்போக்கு நிற்கவே இல்லை. எனக்குப் பால் வற்றிவிட்டது. வைத்திருந்த ஆடும் செத்துவிட்டது. தவழ்ந்துகொண்டிருந்த குழந்தை ஒரு நாள் தவழ்வதை நிறுத்தி, வைத்த இடத்திலேயே இருக்க ஆரம்பித்தாள். இங்கேயே இருந்தால் இவள் தங்கமாட்டாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பெற்றவளுக்கு அதை யாரும் சொல்ல வேண்டியதில்லை.

என் அண்ணன் வண்டன்மேட்டில் ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்துவந்தார். இங்கே தண்ணீருக்குப் பஞ்சமில்லை, வேலையும் இருக்கிறது, கிளம்பி வந்துவிடுங்கள் என்று ஆள்விட்டுச் சொல்லியனுப்பினார். வீட்டுக்காரரிடம் சொன்னால் ஒரே பதில்தான்.

"சொந்தக் காட்டை உட்டுப்போட்டுக் கூலிக்குப் போறதா? மழ வரும் அம்மிணி."

அவர் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால். அவர் அசையாததால் மற்றவர்களும் அசையவில்லை. இவர் வரும் என்கிறாரே, வராமலா போய்விடும் என்று பதி முழுக்க அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. எனக்கு எரிச்சலாகவும் இருந்தது. அந்தச் சொல் இல்லாமல் போனால் எங்களுக்கு வேறு என்ன இருக்கிறது என்றும் இருந்தது.

கடைசியில், பெண்கள் மழைச்சோறு எடுப்பது என்று முடிவாயிற்று. தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மழை பொய்த்தால் பெண்கள் சட்டி ஏந்தி வீடு வீடாகப் பிச்சை கேட்பார்கள். நிலத்துக்குச் சொந்தக்காரி, பண்ணையாள் வீட்டுக்காரி என்ற பேதமெல்லாம் அன்றைக்குக் கிடையாது. எல்லா வாசலிலும் கையேந்த வேண்டும். கிடைத்ததை ஒன்றாகப் போட்டு உப்பில்லாமல் காய்ச்சிக் குடித்துவிட்டு, இந்த ஊரில் இனிப் பிழைக்க வழியில்லை, பரதேசம் போகிறோம் என்று ஒப்பாரி வைத்தபடி முறமும் பானையுமாக ஊர் எல்லைவரை நடப்பார்கள். அங்கே ஆண்கள் வழிமறித்து, மழை வருது, ஊட்டுக்கு வாங்க என்று கெஞ்சிக் கூட்டிவருவார்கள். பெண்கள் இப்படிப் போவதைப் பார்த்து வானம் இரங்கும் என்று ஒரு நம்பிக்கை. பிறந்த ஊரில் சின்ன வயதில் நான் பார்த்திருக்கிறேன். அழுகிறவளைப் பார்த்தால் சிரிப்பு வரும். மீசை வைத்த மாமன்மார் அவளிடம் கெஞ்சுவதைப் பார்த்தால் இன்னும் சிரிப்பு வரும்.

எங்கள் பதியில் அன்று யாருக்கும் சிரிப்பு வரவில்லை. பண்ணையாள் வீட்டு வாசலில் போய் நின்றேன். அந்தப் பெண் ஒரு கை கேழ்வரகு மாவை என் சட்டியில் போட்டுவிட்டுப் பானையைக் கவிழ்த்து வைத்தாள். அதற்குமேல் அவளிடம் இல்லை. வேண்டாம் என்ற சொல் எனக்கு நாக்கு வரைக்கும் வந்தது. ஆனால் போட்டதை மறுக்கக் கூடாது, வழக்கம் அப்படி. வேப்பமரத்தடியில் கூழ் காய்ச்சினோம். என் ஓரகத்தி, கொழுந்தனாரின் மனைவி, தன் மகனுக்கு ஊட்டினாள். அவன் நடக்கத் தொடங்கிய பையன், அதுவரைக்கும் தெம்பாகத்தான் இருந்தான். நான் கூழை விரலில் தொட்டு என் மகள் நாக்கில் வைத்தேன். அவள் விழுங்காமல் வழியவிட்டாள்.

வெயில் தாழ்ந்ததும் புறப்பட்டோம். ஒப்பாரி எடுத்த கொஞ்ச நேரத்திலேயே அது விளையாட்டாக இல்லாமல் போய்விட்டது. ஒருத்தி செத்த எருமையைச் சொல்லி அழுதாள். ஒருத்தி அடகுக்குப் போன தாலிக்கொடியைச் சொல்லி அழுதாள். மழையைச் சொல்லி யாரும் அழவில்லை. அந்தக் கூச்சலில் இடுப்பிலிருந்த குழந்தைகளெல்லாம் வீறிட்டன. என் மகள் மட்டும் தோளில் தலையைச் சாய்த்தபடி கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அழுவதற்கு அவளுக்குத் தெம்பில்லை.

எல்லைக் கல்லருகே ஆண்கள் குறுக்கே நின்றார்கள். கூப்பிட வேண்டியவர் என் வீட்டுக்காரர், குடியேற்றியவர் அவர் அல்லவா. தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார்.

"ஏனுங்க அம்மிணிகளா..." என்று ஆரம்பித்தவர் குழந்தையைப் பார்த்தார். தினமும் பார்க்கிற குழந்தைதான். ஆனால் சுற்றிலும் அத்தனை குழந்தைகள் கத்திக்கொண்டிருக்க, இது ஒன்று சத்தமில்லாமல் கிடந்ததைக் கண்டபோதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். அடுத்த வார்த்தை வரவில்லை. நாங்கள் காத்து நின்றோம். சொல்லிவிடுங்கள், பொய்யாகவே இருந்தாலும் சொல்லிவிடுங்கள் என்று நான் மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். வெளியேற வேண்டும் என்று தவித்தவளும் நான்தான், திரும்பக் கூப்பிட மாட்டாரா என்று ஏங்கியவளும் நான்தான்.

"போயிருங்க" என்றார்.

யாருக்கும் புரியவில்லை.

"நெசமாவே போயிருங்க. மழ வராது. என் பேச்சை நம்பி இருந்தது போதும். புள்ளைகளைக் கூட்டிக்கிட்டுப் போயிருங்க."

கொழுந்தனார் பாய்ந்து வந்து அவர் வாயைப் பொத்தினார். "அண்ணா, எல்லையில நின்னு சொல்ற சொல்லுங்களா இது?" என்றவர் எங்கள் பக்கம் திரும்பி, "மழ வருதுங்க! எல்லாரும் ஊட்டுக்கு வாங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினார்.

முதலில் திரும்பியவள் என் ஓரகத்தி. மகனைக் கையில் பிடித்துக்கொண்டு என் வீட்டுக்காரரைத் தாண்டிப் போகும்போது, "வர்ற மழையையும் தொரத்திப்போட்டீங்களே மாமா" என்றாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். மற்றவர்களும் ஒவ்வொருவராக ஊருக்குள் திரும்பிப் போனார்கள். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அவர் கிட்டே வந்து குழந்தையின் தலையைத் தொட்டார்.

"நீ போ அம்மிணி. மாடுகளுக்கு ஒரு வழி பண்ணிப்போட்டு நான் வர்றேன்."

மறுநாள் காலையில் கிளம்பினேன். கூட வந்தது பண்ணையாள் குடும்பம் ஒன்று மட்டும்தான், எனக்கு மாவு போட்டாளே, அவளுடையது. கம்பம் வரைக்கும் பஸ் மாறி மாறிப் போய், அங்கிருந்து மலையேறினோம். அதுவரை என் வீட்டு வாசற்படியைத் தாண்டி அவள் உள்ளே வந்தது கிடையாது. நாங்கள் வரவிட்டதும் கிடையாது. அந்த மலையில் அவளும் நானும் மாற்றி மாற்றிக் குழந்தையைச் சுமந்தோம்.

அண்ணன் வீட்டில் காய்ச்சிய தண்ணீர், பசும்பால், தோட்டத்துக் கம்பவுண்டர் கொடுத்த மருந்து என்று பார்த்துப் பார்த்துக் கொடுத்ததில் மகள் மெல்லத் தேறினாள். அவள் மறுபடி தவழ்ந்த அன்று அண்ணி சர்க்கரை வாங்கிவந்து எல்லோருக்கும் கொடுத்தாள். அந்தச் சந்தோஷம் அடங்குவதற்குள் ஊரிலிருந்து சேதி வந்தது. ஓரகத்தியின் மகன் போய்விட்டான். அதே தண்ணீர், அதே வயிற்றுப்போக்கு. அதற்குப் பிறகு ஒவ்வொரு வீடாகக் கோயமுத்தூர் மில்லுக்கும் வேறெங்கெங்கோவும் சிதறிப் பதியே காலியாகிவிட்டது. எல்லோரும் போனபிறகுதான் என் வீட்டுக்காரர் மலைக்கு வந்து சேர்ந்தார். மாடுகளை என்ன செய்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

சொந்தபந்தத்தில் அவருக்கு மழையைத் துரத்தியவன் என்று பெயர் நிலைத்துவிட்டது. கல்யாணம் காட்சிக்கு அழைப்பது நின்றது. தம்பியும் பேசவில்லை. உண்மையைச் சொன்னதற்கு இந்தக் கூலியா என்று எனக்கு வயிறு எரியும். அவர் அதைப் பற்றி வாயே திறக்க மாட்டார்.

வண்டன்மேட்டில் ஆனி பிறந்து மழை பிடித்தால் லேசில் விடாது. வேலையில்லாத நாட்களில் தோட்டத்தில் எங்களுக்குக் கொடுத்த லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பார். சாப்பிடக் கூப்பிட்டாலும் காதில் விழாது. ஒரு தடவை தானாகவே சொன்னார்.

"இதுல ஒரே ஒரு நா மழ, அம்மிணி. ஒரே ஒரு நா அங்க பேஞ்சிருந்தாப் போதும்."

எனக்குத் தாங்கவில்லை. "நீங்க அன்னிக்குப் போகச் சொன்னதாலதானுங்க நம்ம புள்ள பொழச்சுது" என்றேன்.

"முன்னாலயே சொல்லியிருந்தா அந்தப் பையனும் பொழச்சிருப்பான்" என்றார். தம்பியின் இறந்துபோன மகனைத்தான் சொன்னார். நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். அதற்குப் பிறகு வாழ்ந்த காலமெல்லாம் எங்கள் பேச்சு அந்த இடத்தைத் தாண்டவே இல்லை.

அவர் போய்ப் பல வருஷமாயிற்று. அன்றைக்குத் தோளில் துவண்டு கிடந்த மகளுக்கு இப்போது பேரன் இருக்கிறான். நம்பிக்கை கொடுப்பது புண்ணியம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். கொடுத்த நம்பிக்கையைத் திருப்பி எடுத்துக்கொள்ள ஒரு மனிதன் என்ன பாடுபட வேண்டும் என்பதை நான் கண்ணால் பார்த்தவள். மழை வராது என்று சொன்னதற்காக ஊர் அவரை மன்னிக்கவில்லை, தாமதமாகச் சொன்னதற்காக அவரும் தன்னை மன்னிக்கவில்லை. அந்தச் சொல்லால் உயிர் பிழைத்தவர்கள் நானும் மகளும் அவர் பக்கத்திலேயேதான் இருந்தோம். எங்கள் இரண்டு பேரையும் பார்த்து அவர் மனசு கடைசிவரை ஆறவில்லை என்பதுதான் எனக்கு இன்றும் தீராத துக்கம்.