மூன்றாவது முடிச்சுக்கு ஒரு புடவை

சனிக்கிழமை காலை பத்து மணி இருபது நிமிடம். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு துணிக்கடையின் மாடி. நான் முதலில் பார்த்தது, உடைமாற்றும் அறையின் திரைக்குக் கீழே தெரிந்த இரண்டு பாதங்களை. ஐந்து நிமிடமாக அவை நகரவில்லை.

உள்ளே நின்றது கோகிலா. கிள்ளானில் எங்கள் வரிசையில் நான்கு வீடு தள்ளி இருப்பவள். பக்கத்து ஊரான மேருவில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாடு பார்க்கிறாள். ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் பெட்டிச் சரக்கையே திருப்பி அனுப்புகிறவள், ஒரு திரையை விலக்கப் பயந்து நின்றாள்.

ஒருவழியாக வெளியே வந்தாள். எப்படி? முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு, பக்கவாட்டில் நகர்ந்து…

"நல்லா இருக்கா, அக்கா?"

"திரும்பு. பார்த்துச் சொல்றேன்."

"அது மட்டும் வேணாம் லா."

விஷயம் இதுதான். கோகிலாவின் தம்பி டினேஷுக்குக் கல்யாணம். மூன்று வாரம்தான் இருந்தது. அவர்கள் வீட்டு வழக்கப்படி தாலியின் முதல் முடிச்சை மாப்பிள்ளை போடுவார். மற்ற இரண்டையும் அவருடைய அக்காவோ தங்கையோ பெண்ணின் பின்னால் நின்று போட வேண்டும். முடிச்சு விழுவது பின்கழுத்தில். ஆகவே வீடியோக்காரரும் பின்னால்தான் வந்து நிற்பார். அவர் எடுப்பது அப்போதைக்கப்போதே மண்டபத்தின் பெரிய எல்.இ.டி. திரையில் ஓடும். குனிந்து முடிச்சுப் போடுகிறவரின் முதுகுப்பக்கம் ஊருக்கே தெரியும்.

போன வருடம் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்தில் கோகிலா வரிசைத் தட்டு தூக்கிக்கொண்டு போனாள். பின்னாலிருந்து எடுத்த காட்சி திரையில் வந்தது. சாப்பாட்டு மேசையில் இருந்த மாமா முறைக்காரர் ஒருவர் சத்தமாகச் சொன்னார்: "அடடே, லோரி ரிவர்ஸ் வருது. வழி விடுங்க!"

மேசையே சிரித்தது. கோகிலாவும் சேர்ந்து சிரித்தாள். அதன் பிறகு எந்த விசேஷத்திலும் அவள் தட்டு தூக்கியதில்லை.

இப்போது தம்பியிடமே சொல்லிவிட்டாள் — சித்தி மகள் ரேவதி முடிச்சுப் போடட்டும் என்று. ரேவதி ஒல்லி. தம்பி இரண்டு நாள் கோகிலாவோடு பேசவில்லை. மூன்றாம் நாள் என் வீட்டு வாசலுக்கு வந்தாள். "ஒரு புடவை சரியா அமைஞ்சா நான் போடறேன், அக்கா. அமையலன்னா ரேவதிதான்."

கிள்ளானில் இல்லாத புடவைக் கடையா? இருக்கிறது. ஆனால் அங்கே எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் ஒரு சித்தியாவது எதிரே வருவார். அதனால்தான் கொம்யூட்டர் ரயில் பிடித்துப் பிரிக்ஃபீல்ட்ஸ் வந்தோம்.

கோகிலாவுக்குத் தோள் குறுகல், இடை சிறுத்து, இடுப்பு அகலம். இதற்குப் பேரிக்காய் உடல்வாகு என்று பெயர். பெண்களை முதன்முதலில் பழக்கூடையில் போட்டது யாரோ தெரியவில்லை. போட்டவருடைய தொந்திக்கு என்ன பழம் என்று யாராவது கேட்டிருப்பார்களா?

கோகிலா கட்டியிருந்தது பீச் நிற டிஷ்யூ புடவை. அவளாகத் தேர்ந்தெடுத்தது இல்லை. இப்போதெல்லாம் நம் கல்யாணங்களில் 'தீம் கலர்' இருக்கிறதே… குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் படம் போடுவார், இருபது பேர் கட்டைவிரல் காட்டுவார்கள். அத்தனை பேருக்கும் அதே புடவை. குழுவில் எல்லாருக்கும் ஒரே உடம்பு என்று நினைப்பு!

விறைப்பான துணி. இடுப்பில் கூடாரம் போல் நின்றது. போதாததற்கு முந்தானையைப் பின்னாலிருந்து சுற்றி இழுத்து முன்னால் செருகியிருந்தாள் — மறைக்கிறாளாம். நீங்களும் பார்த்திருப்பீர்கள். மறைக்க நினைத்த இடத்தில்தான் நாம் இன்னும் இரண்டு சுற்றுத் துணியைச் சேர்க்கிறோம்.

"பேசாம கறுப்பு எடு. ஒல்லியாத் தெரியும்" என்றேன்.

"கல்யாணத்துக்குக் கறுப்பா? எங்கம்மா என்னை மண்டபத்துக்குள்ளேயே விடமாட்டாங்க."

அப்போதுதான் கடைக்காரப் பெண் அருகே வந்தாள். பெயர் ஷாமினி. முப்பது வயதுக்குள்தான் இருக்கும். கழுத்தோரம் வேலைப்பாடு செய்த கடுகு மஞ்சள் டாப், இடையிலிருந்து மெல்ல விரிந்து முழங்காலுக்குக் கீழே இறங்கியிருந்தது. அடியில் நேராக வெட்டிய கறுப்புப் பேன்ட். அவளுக்கும் கோகிலாவின் அதே உடல்வாகுதான். இதைக் கண்டுபிடிக்க எனக்கு இருபது நிமிடம் பிடித்தது. கண்ணை நம்பிப் பத்திரிகையில் பிழைத்தவள் நான்!

"ஆன்டி, கறுப்பெல்லாம் வேணாம்" என்று என்னை ஓரம்கட்டிவிட்டு, கோகிலாவைப் பார்த்தாள். "அக்கா, உள்ள என்ன பாவாடை?"

"காட்டன். நாடா போட்டது."

"அதான். அந்தச் சுருக்கம் மொத்தமும் இடுப்புலதான் உக்காந்திருக்கு. முதல்ல அதை மாத்துங்க."

உடலோடு ஒட்டி, முழங்காலுக்குக் கீழே மட்டும் விரியும் ஒரு உள்பாவாடையை எடுத்துக் கொடுத்தாள். அடுத்து அதே பீச் நிறத்தில் வேறொரு புடவை. மெல்லிய சாஃப்ட் சில்க், விரல் அகலக் கரை.

"ஆனா தீம் டிஷ்யூவாச்சே…" கோகிலா இழுத்தாள்.

"கலர் ஒண்ணா இருந்தா போட்டோல எல்லாம் ஒண்ணாத்தான் தெரியும். என்ன துணின்னு ஸ்டேஜுல ஏறி வந்து தடவிப் பாப்பாங்களா?"

எனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துப்போனது. இத்தனைக்கும் டிஷ்யூ புடவைதான் விலை கூடுதல்.

தைக்கப்போகும் பிளவுஸுக்குத் தோள்வரை அகன்ற கழுத்து, முழங்கை வரை கை, கையில் அடர்த்தியான ஜரி வேலை. "பாக்கிறவங்க கண்ணு முதல்ல எங்க போகணும்னு நாமதான் சொல்லணும். இல்லன்னா அது இஷ்டத்துக்குப் போகும்" என்றாள். பத்திரிகையில் முதல் பக்கத்தின் முக்கியச் செய்தியை நாங்கள் மேலே வைத்ததும் இதே காரணத்துக்காகத்தான். எனக்கு அதைப் புரியவைக்க ஒரு ஆசிரியருக்கு ஆறு மாதம் ஆனது.

கோகிலா புடவை மாற்றி வந்ததும், ஷாமினி முந்தானையை மடித்துத் தோளில் ஊசி குத்தி, முழங்கால்வரை நேராகத் தொங்கவிட்டாள். "எது எங்க முடியுதோ அங்கதான் கண்ணு நிக்கும். முந்தானையும் சரி, சுடிதார் டாப்பும் சரி… இடுப்பு அகலமா இருக்கிற இடத்துல முடியவே கூடாது."

கோகிலா கண்ணாடியைப் பார்த்தாள். முன்பக்கம் மட்டும். "இடுப்பு குறைஞ்சிருக்கா?"

நல்ல விற்பனையாளர் இங்கே என்ன சொல்வார்? உங்களுக்கே தெரியும்.

"குறையல" என்றாள் ஷாமினி. "அது அங்கேயேதான் இருக்கு. இவ்வளவு நேரம் நீங்க புடவையோட சண்டை போட்டீங்க. இப்ப போடல."

முடிச்சு விஷயத்தை நான்தான் சொன்னேன். எல்.இ.டி. திரை, லோரி, எல்லாவற்றையும். ஷாமினி சிரிக்கவில்லை. ஆறுதலும் சொல்லவில்லை. துணிப் பொம்மை ஒன்றை இழுத்து வந்து நடுவில் நிறுத்தினாள். தன் கழுத்தில் கிடந்த அளவு டேப்பைக் கழற்றி பொம்மையின் கழுத்தில் போட்டாள்.

"ரெண்டு முடிச்சு போடுங்க. நான் பின்னால நின்னு எடுக்கறேன். பாத்துட்டு வேணாம்னா, டிலீட்."

கோகிலா என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். கடையில் வேறு யாரும் இல்லை.

குனிந்தாள். போட்டாள். பன்னிரண்டு வினாடி வீடியோ.

போனை வாங்கி முதல் முறை பார்த்தபோது பாதிக் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். இரண்டாம் முறை முழுசாகப் பார்த்தாள். மூன்றாம் முறை விரலால் பெரிதாக்கி, நெற்றியைச் சுருக்கி… தொழிற்சாலையில் சரக்கைப் பார்க்கும் முகம் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

"முந்தானை வலப்பக்கமா ஒரு சென்டிமீட்டர் சாயுது" என்றாள்.

"எங்க?"

"இங்க பாரு. குனியறப்போ இழுக்குது. ஊசியை இன்னும் மேல குத்தணும்."

ஷாமினி பார்த்தாள். "ஆமாக்கா. கரெக்ட்!"

அடுத்த பதினைந்து நிமிடம் இருவரும் ஊசி எங்கே வர வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். இரண்டு முறை மாற்றிக் குத்தினார்கள், மூன்று முறை வீடியோ எடுத்தார்கள். அத்தனை முறையும் கோகிலா குனிந்தாள். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.

நமக்கு உடை வாங்கித் தருகிறவர்கள், தைத்துத் தருகிறவர்கள் எல்லாம் ஒரே வார்த்தையைத்தான் சொல்கிறார்கள் — 'மறைச்சிடலாம்'. அந்தக் கடையில் ஒன்றரை மணி நேரம் இருந்தேன். அந்த வார்த்தை ஒருமுறைகூடக் காதில் விழவில்லை.

கல்யாணம் கிள்ளானில். மண்டபம் நிறைந்த கூட்டம். மேடையின் இருபுறமும் திரை. லோரி மாமா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். கெட்டிமேளம் ஒலித்ததும் வீடியோக்காரர் மணவறையைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனார். டினேஷ் முதல் முடிச்சைப் போட்டுவிட்டுக் கையை எடுத்தான்.

"நாத்தனார் வாங்கம்மா" என்றார் ஐயர்.

இரண்டாவது முடிச்சையும் மூன்றாவது முடிச்சையும் கோகிலா போட்டாள். ரேவதி பக்கத்தில் விளக்குப் பிடித்துக்கொண்டு நின்றாள்.